சாலையும் சதுக்கமும் அதிகாரத்தை எப்படி வடிவமைக்கின்றன?

"சாலை, பாலம், குழாய் எல்லாம் வெறும் பொறியியல்தானே, இதில் அரசியல் எங்கே வருகிறது?" என்பது கேள்வி. எங்கே போடுவது, யார் வீட்டை இடிப்பது என்று முடிவெடுக்கும்போதே வந்துவிடுகிறது.

பாரிஸை எடுத்துக்கொள்வோம். 1830இலும் 1848இலும் மக்கள் அங்கே குறுகலான தெருக்களில் தடுப்பரண் கட்டிப் போராடி ஆட்சியையே கவிழ்த்தார்கள். 1853இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் நகரைத் திருத்தும் பொறுப்பை ஓஸ்மான் என்ற அதிகாரியிடம் கொடுத்தார். பழைய தெருக்கள் போய் அகலமான நேர்ச்சாலைகள் வந்தன. காற்று, வெளிச்சம், கழிவுநீர் வசதி எல்லாம் உண்மையிலேயே மேம்பட்டன, அதை மறுக்க வேண்டாம். ஆனால் படைகள் விரைந்து நகரவும் அதே சாலைகள் வசதி. அதோடு வாடகை ஏறி, ஏழைத் தொழிலாளர்கள் நகர விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விளைவாகப் படுகிறது. துப்பாக்கி எப்போதாவதுதான் வரும், வாடகை தவறாமல் வரும்.

நியூயார்க்கில் 1948இல் தொடங்கிய கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை ஆயிரக்கணக்கானோரை வீடிழக்க வைத்தது. அதை முன்னின்று நடத்திய ராபர்ட் மோசஸ் எந்தத் தேர்தலிலும் வென்றவர் அல்ல. சட்டத்தையாவது அடுத்த ஆட்சி மாற்றிவிடலாம். சாலை பிரித்துப்போட்ட அக்கம்பக்கத்தை எப்படி ஒட்டவைப்பது?

சரி, பொதுவெளிக்கு வருவோம். மக்கள் கூடுவதற்கு இடம் இல்லையென்றால் கூட்டமும் இல்லை. பஹ்ரைனில் 2011இல் போராட்டக்காரர்கள் முத்துச் சதுக்கத்தில் திரண்டார்கள். மார்ச் மாதமே அங்கிருந்த நினைவுச்சின்னத்தை அரசு இடித்துத் தள்ளியது. அதன் உருவம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயத்தைக்கூட விடவில்லை, புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.