கிள்ளை பக்கம் உவர் நிலம், விதைநேர்த்தி போதுமா?

அண்ணா, உப்பங்கழி ஓர நிலத்தில் நேரடி விதைப்பு செய்து பாதி நெல் முளைக்கவே இல்லை, விதைநேர்த்தி (விதைக்கும் முன் விதையை ஊறவைத்து உலர்த்துவது) செய்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு கைகொடுக்கும், ஆனால் மண்ணை அது மாற்றாது.

உப்பு மண் விதையைத் தண்ணீர் உறிஞ்ச விடாது, அதனால் அந்த முதல் தண்ணீரை நாமே வீட்டில் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான் சூட்சுமம். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்தி விதையுங்கள். போர் தண்ணீர் கரித்தால் அதில் ஊறவைக்காதீர்கள், செய்ததெல்லாம் வீண்.

ரகம் என்ன போட்டீர்கள் என்று சொல்லவில்லையே? கோ 43, திருச்சி 1 இரண்டும் உப்பைத் தாங்கும்.

அப்புறம், யாராவது ஜிப்சம் கொட்டச் சொன்னால் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் போன களர் மண்ணுக்குத்தான் (சோடியம் ஏறிய மண்) அது. வெறும் உவர் (உப்பு மட்டும் மிகுந்த மண்) என்றால் வரப்பை உயர்த்தி ஐப்பசி மழையைத் தேக்கி, உப்போடு சேர்த்து வடித்துவிடுவதுதான் வழி, வடிகால் இருக்கிறதா?