‘கெட்’ என்றால் வாங்கு. ஆனால் கடைக்குக் கிளம்பிவிடாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேவகோட்டைப் பெண் ஒன்று கேட்டு, காரைக்குடிக்காரன் பதில் போடாமல் இருந்தால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது. நீ கேட்டதை ஒரு தடவை நானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் வந்து ஐந்து வாரம். ஊரில் எழுதிய ஆங்கிலப் பரீட்சையில் நல்ல மார்க். ஆனால் வார்டுக்குள் நுழைந்தால் பாதி விளங்கவில்லை. எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘கெட்’ என்கிறார்கள். ஒரு பாட்டி “கெட் அஸ் எ ப்ரூ, லவ்” என்றாள், நீ யார் யாருக்கென்று சுற்றுமுற்றும் பார்த்தாய். ஒரு தாத்தாவிடம் எங்கள் ஊரில் மாதம் முழுக்க வெயில் என்றாய், அவர் “கெட் அவே!” என்றார், நீ இரண்டடி தள்ளி நின்றாய். ஷிப்ட் முடிகிற நேரம் சிஸ்டர் தோளைத் தட்டி “யூல் கெட் தேர்” என்றார். எங்கே போகச் சொல்கிறார் என்று இரவெல்லாம் தூக்கமில்லை. இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் அண்ணே, எந்த அகராதியை மனப்பாடம் செய்ய?

எந்த அகராதியையும் செய்யாதே. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989-ஆம் வருஷப் பதிப்பு 20 தொகுதி. அதில் ரொம்ப நீளமான பதிவு ‘செட்’ என்கிற மூன்றெழுத்து வினைச்சொல்லுக்கு. 430 பொருள் சொல்லியிருந்தார்கள். பிறகு திருத்தி எழுதும்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது, 645. ‘கெட்’டும் இவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். இந்தக் கணக்கில் மனப்பாடம் செய்தால் உன் விசா முடிகிறவரை ‘க’ வரிசையிலேயே நிற்பாய்.

என் கதையைக் கேள். வந்த புதிது, நல்ல குளிர்காலம். ஒரு குடோனில் கணக்கு எழுதும் வேலை. மதியம் மூன்று பேராக டீக்கடைக்குப் போனோம். கூட வந்தவன் “ஐல் கெட் தீஸ்” என்றான். சரி, போய் எடுத்துக்கொண்டு வருகிறான் போல என்று நான் உட்கார்ந்துகொண்டேன். அவன் தட்டோடு வந்ததும், நம் பங்கை நாம் கொடுக்காமல் இருப்பதா என்று பையைத் துழாவி, சில்லறையைப் பென்னி பென்னியாக எண்ணி அவன் தட்டில் வைத்தேன். அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. “இது என் செலவு” என்று அவன் சொல்லியிருக்கிறான். நம் ஊரில் ஒருவர் “நான் வாங்கித் தர்றேன், வா” என்று கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடுக்கும்போது டம்ளர் பக்கத்தில் காசை எண்ணி வைத்துப் பார், தெரியும். அதோடு விட்டதா? அடுத்த முறை என் முறை என்பதும் எனக்குத் தெரியவில்லை. இது மொய் மாதிரி, தங்கச்சி. நோட்டுப் போட்டு எழுத மாட்டார்கள், ஆனால் யார் செய்தது, யார் திருப்பிச் செய்யவில்லை என்பது எல்லார் மனசிலும் இருக்கும். நாலு வாரம் ஓசி டீ குடித்த பெருமை எனக்கு உண்டு.

“வாங்கித் தர்றேன்” என்று எழுதினேனே, அங்கேதான் சாவி இருக்கிறது. நம் ‘வாங்கு’ எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பார். கடையில் புடவை வாங்குகிறோம். வாத்தியாரிடம் அடி வாங்குகிறோம், ஆத்தாவிடம் திட்டு வாங்குகிறோம், பரீட்சையில் மார்க் வாங்குகிறோம், நல்ல பேர் வாங்குகிறோம். படியேறினால் மூச்சு வாங்குகிறது. சின்னப் பிள்ளை உயிரை வாங்குகிறது. மேஸ்திரி ஆளிடம் வேலை வாங்குகிறார். உன் வார்டுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் தமிழ் படித்துக்கொண்டு வந்து “உயிரை எந்தக் கடையில் வாங்குவது?” என்று கேட்டால் நீ சிரிப்பாயா, மாட்டாயா? பழைய இலக்கியத்தில் இதே ‘வாங்கு’வுக்கு வளை, இழு என்று பொருள், வில்லை வாங்கினான் என்றால் காசு கொடுத்து அல்ல, நாணை இழுத்து வளைத்தான். மூச்சு வாங்குவதில் அந்தப் பழைய இழுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

‘கெட்’டும் அப்படித்தான் வந்திருக்கிறது, அதுவும் உன் வீட்டுப் பக்கமாகவே. விடுமுறை கிடைத்தால் ரயிலேறி யார்க் நகருக்குப் போ. தெருப்பெயரெல்லாம் ‘கேட்’ என்று முடியும். வாசல் எங்கே என்று தேடாதே. அது நார்ஸ் மொழியில், அதாவது டென்மார்க், நார்வே பக்கமிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகளின் பேச்சில், ‘காத்தா’, தெரு என்று பொருள். காப்பர்கேட் என்றால் செம்புத் தெரு இல்லை, மரக் கிண்ணம் கடைகிறவர்கள் இருந்த தெரு. 1976-லிருந்து 1981 வரை அங்கே தோண்டி, வைக்கிங்குகள் குடியிருந்த வீட்டையும் கொல்லையையும் வெளியே எடுத்தார்கள். அவர்கள் 866-ல் யார்க்கைப் பிடித்தவர்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும். ஆனால் நிறையப் பேர் இங்கேயே நிலம் பிடித்து, பெண் கட்டி, உழுது பிழைத்தவர்கள். செல்பி, விட்பி என்று ஊர்ப்பெயர் வருகிறதே, அந்தப் ‘பி’ அவர்கள் வைத்தது, குடியிருப்பு என்று பொருள். நம் காரைக்குடியில் இருக்கிற ‘குடி’தான்.

அவர்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்கில் ஒன்று ‘கேத்தா’. கைக்கு வரப் பெறுவது, பிள்ளை பெறுவது, இரண்டுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல். நமக்கும் ‘பெறு’ ஒன்றுதானே? சம்பளமும் பெறுகிறோம், பிள்ளையும் பெறுகிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்காமல் இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதன் பங்காளி ஒன்று முன்பே இருந்தது, ஆனால் தனியாக நடக்காது, ஒட்டிக்கொண்டுதான் வரும். ‘ஃபர்கெட்’ அப்படி வந்தது. பிடி நழுவுவது என்பதுதான் அதன் அடிப்பொருள். இதற்கெல்லாம் பின்னால் இருக்கிற மிகப் பழைய வேருக்குப் பற்றுதல் என்று பொருள் சொல்கிறார்கள். லத்தீன் வழியாக வந்த ‘காம்ப்ரிஹெண்ட்’டும், அதாவது புரிந்துகொள்வதும், அதே வேர்தான். “எனக்குப் பிடிபடலை” என்று நாம் சொல்கிறோம், இவர்கள் “ஐ டோன்ட் கெட் இட்” என்கிறார்கள். செட்டியார் கணக்கில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் எழுதுவார்களே, ஒருவர் கைநீட்டி எடுத்ததெல்லாம் பற்று. ‘கெட்’டை அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்.

உனக்கு நர்ஸ் வேலை என்பதால் இன்னொன்று. ‘இல்’, ‘ஸ்கின்’, ‘லெக்’ மூன்றும் அதே கப்பலில் வந்தவை. தோலும் காலும் நோயும் வைக்கிங்குகள் தந்தவை என்று சொல்லி வார்டில் ஒரு நாள் சிரிக்கலாம். ‘எடு’ என்பதற்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘நிமன்’. ‘டேக்’ வந்து அதைத் துரத்திவிட்டது. ஓடினது போக ஒரு துண்டு மட்டும் தங்கிவிட்டது: ‘நம்ப்’, மரத்துப்போனது. உணர்ச்சியை யாரோ எடுத்துக்கொண்டு போன விரல். அடுத்த முறை யாராவது கால் ‘நம்ப்’ என்றால் நினைத்துக்கொள்.

ஒரு சொல் வந்து இன்னொன்று போகிற காலத்தில் இங்கத்து ஆட்களே திண்டாடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் வில்லியம் காக்ஸ்டன் 1490-ல் ஒரு முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். ஹாலந்துப் பக்கம் இருக்கிற ஜீலாந்துக்குக் கப்பலேறின வியாபாரிகள், காற்று இல்லாமல் தேம்ஸ் ஆற்றில் நின்றுவிட்டார்கள். கரையிறங்கி ஒருவர் ஒரு வீட்டில் முட்டை கேட்கிறார், ‘எக்ஸ்’ என்று. அந்த அம்மா “எனக்குப் பிரெஞ்சு தெரியாது” என்கிறாள். அவருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! இன்னொருவர் ‘ஐரன்’ என்று பழைய சொல்லைச் சொன்னதும்தான் அவளுக்கு விளங்கியது. ஒரே நாட்டுக்காரர்கள், முட்டைக்கே இந்தப் பாடு. நீ ஐந்து வாரத்தில் அழலாமா?

பரீட்சையில் உனக்கு ‘அப்டெயின்’, ‘ரிசீவ்’ என்றெல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவை பிரான்சிலிருந்து நார்மன்கள் 1066-ல் வந்து உட்கார்ந்த பிறகு பிரெஞ்சிலிருந்து இறங்கியவை. நாம் ரசீதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிவிட்டு வீட்டில் ‘வாங்கிட்டேன்’ என்று பேசுவதில்லையா? அதே கதை. வார்டு நோட்டில் நீ படித்ததையே எழுது, படுக்கைப் பக்கத்தில் ‘கெட்’. பென்ஷன் வாங்குகிற தாத்தாவிடம் போய் ‘அப்டெயின்’ என்றால் அவர் உன்னை வக்கீல் என்று நினைப்பார்.

காதில் விழாததற்கு வேறு காரணமும் உண்டு. இந்தப் பக்கத்து ஆட்கள் உயிரெழுத்துக்கு முன்னால் வருகிற ‘ட்’டை ‘ர்’ ஆக்கிவிடுவார்கள். கெட் ஆஃப், ‘கெராஃப்’. கெட் அப், ‘கெரப்’. நீ ‘கெட்’டைத் தேடுகிறாய், அது அங்கே இல்லவே இல்லை. இரண்டு வாரம் இதைக் காதில் போட்டுக்கொண்டு கேள், பாதி மூட்டம் கலைந்துவிடும். ‘அஸ்’ என்றால் நாங்கள் என்று எண்ணாதே. அந்தப் பாட்டி கேட்டது தனக்கு ஒரு டீ. ‘லவ்’ என்பது ‘என்னம்மா’ என்கிற மாதிரிதான், பஸ் டிரைவர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். உன் தாத்தா “கெட் அவே!” என்றது “அட போம்மா, நிஜமாவா?” என்பதற்கு. உன் வெயில் கதையில் அவருக்கு அத்தனை ருசி. திரும்பப் போய் மிச்சத்தையும் சொல்.

‘வாங்கு’ எல்லா இடத்துக்கும் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். டீ ‘கெட்டிங் கோல்ட்’ என்றால் ஆறிப்போகிறது, அங்கே நமக்கு ‘ஆகு’, ‘போ’ வேண்டும். “ஐம் கெட்டிங் பெயின்ஸ்” என்றால் வலி வருகிறது. “கெட் ஹிம் டு டேக் ஹிஸ் டேப்லெட்ஸ்” என்றால் நீ வாங்கவும் வேண்டாம், கொண்டுவரவும் வேண்டாம், அவரை மாத்திரை சாப்பிட வை. மேஸ்திரி வேலை வாங்குவதற்குப் பக்கத்தில் வருகிறது. “ஐவ் காட் டு கோ” என்று ஒருவர் நெளிந்தால் விடைபெறுகிறார் என்று டாட்டா காட்டாதே, பாத்ரூமுக்குக் கூட்டிப்போ. மருந்து, அளவு, டாக்டரைக் கூப்பிடு என்கிற மாதிரி விஷயத்தில் மட்டும் ஊகம் வேண்டவே வேண்டாம். பத்துத் தடவை ஆனாலும் திருப்பிக் கேள். சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பதினாலு வயசில் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலைக்கு, போனவர். கொண்டுவிக்கப் போவது என்பார்கள் அந்தக் காலத்தில். மலாய் மொழியில் அவர் முதலில் பிடித்துக்கொண்ட சொல் ‘டாபாட்’, கிடைத்தது, முடியும், இரண்டுக்கும் அதுதான். ‘தா டாபாட்’ என்றால் கிடைக்கலை, முடியாது. இந்த இரண்டை வைத்தே ஆறு மாசம் கிட்டங்கியில், செட்டியார் கடைகள் இருந்த கட்டடத்தில், காலம் தள்ளினேன் என்பார். கிழவரான பிறகும் வளவில் தூணில் சாய்ந்துகொண்டு, தேன்குழல் டப்பா காலியாக இருந்தால் அப்பத்தாவைப் பார்த்து “தா டாபாட்!” என்று கத்துவார். அவளும் உள்ளேயிருந்து “டாபாட், டாபாட், வர்றேன்” என்பாள். அவள் கடல் தாண்டினதே இல்லை.

உன் சிஸ்டர் சொன்னதை விட்டுவிட்டேனே. “யூல் கெட் தேர்” என்றால் எங்கேயும் போகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. “போகப் போகப் பழகிடும், விடு” என்று நம் ஆயா சொல்வாளே, அதுதான். தோளையும் தட்டினார் என்கிறாய். நாளைக்கு ஷிப்டில் பார்த்தால் அவருக்கு ஒரு டீ ‘கெட்’ பண்ணிக் கொடு, காசு உன்னுடையது.

இப்படிக்கு,
அண்ணன்