அடைக்கோழிக்கு நாலு இன முட்டை வைக்கலாமா?

கேள்வி: நாட்டுக்கோழி, கின்னிக்கோழி, வான்கோழி, வாத்து நான்கும் வளர்க்கிறேன். போன முறை எல்லா முட்டையையும் கலந்து ஒரே நாளில் ஒரு நாட்டுக்கோழிக்கு அடை வைத்தேன். கோழிக்குஞ்சுகள் மட்டும் பொரித்தன. மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தால் உள்ளே குஞ்சு செத்துக் கிடந்தது. இப்போது இன்னொரு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முட்டையில் குற்றமில்லை, நாள் கணக்கில்தான் பிசகு. கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். கின்னிக்கோழிக்கு 26 முதல் 28 நாள். வான்கோழிக்கும் நாட்டு வாத்துக்கும் 28 நாள். முதல் குஞ்சு வெளியே வந்த ஓரிரு நாளில் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். மிச்ச முட்டைகளில் கரு இன்னும் ஒரு வாரம் சூடு கேட்கும் நிலையில் இருக்கும். அது சில்லிட்டுச் சாவதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே 28 நாள் முட்டைகளை முதலில் வையுங்கள். ஞாயிறு இரவு வைத்தால், அடுத்த ஞாயிறு இரவு கோழி முட்டைகளைச் சேருங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் ஓட்டைக் கொத்தும். அந்த இடைப்பட்ட வாரத்தில் இட்ட முட்டைகளையே கோழி முட்டைக்குப் பயன்படுத்தலாம். ஒரு வாரத்துக்கு மேல் பழையது வேண்டாம், கோடையில் மூன்று நான்கு நாளே அதிகம். கழுவாமல், அகன்ற முனை மேலே இருக்கும்படி, குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். வைத்த தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். பக்கத்துக் கோழி வந்து புதிதாக இட்டுவிட்டுப் போகும்; எழுத்தில்லாத முட்டையை அன்றே எடுத்துவிட வேண்டும்.

எண்ணிக்கையில் பேராசை கூடாது. நாட்டுக்கோழியின் உடம்பு தன் முட்டையில் 10, 12 மூடும். கின்னி முட்டையும் ஏறக்குறைய அதே அளவு என்பதால் ஆறு கின்னி, ஆறு கோழி என்று கலக்கலாம். வான்கோழி முட்டை கிட்டத்தட்ட இரு மடங்கு எடை: மூன்று வைத்தால் கூட நான்கு கோழி முட்டை போதும். பெரிய முட்டையைச் சிறிய கோழி சரியாகப் புரட்டாது, ஆகவே நாளுக்கு இரண்டு முறை, கோழி தீனிக்கு இறங்கும்போது, நீங்கள் புரட்டிவிடுங்கள். பொரிப்புக்கு மூன்று நாள் முன்பு நிறுத்திவிட வேண்டும்.

கோழி உண்மையில் அடையில் நிற்குமா என்று இரண்டு இரவு கூமுட்டை ஒன்றிரண்டை வைத்துப் பாருங்கள். இறகைச் சிலிர்த்து, கையைக் கொத்தி, இடத்தை விடாமல் இருந்தால் சரி. அகன்ற மண்சட்டியில் மணல், அதன்மேல் சாம்பல், வைக்கோல், கொஞ்சம் வேப்பிலை. (கரித்துண்டும் ஆணியும் வைத்தால் இடியில் முட்டை கெடாது என்பார்கள். வைப்பதால் நட்டமில்லை, ஆனால் முட்டையைக் கெடுப்பது பெரும்பாலும் பேனும் செள்ளும்தான். கடி தாங்காமல் கோழி எழுந்து போய்விடும்.) தினமும் 15, 20 நிமிடம் இறங்கி கம்பு, சோளம், தண்ணீர் எடுக்கட்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததைக் கழித்துவிடுங்கள். கின்னி ஓடு தடித்துப் பழுப்பாக இருப்பதால் அதில் ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்துப் பாருங்கள்.

கோழியோடு வளர்க்க மிகவும் பொருத்தம் கின்னிதான். கின்னித்தாய் குஞ்சுகளை ஈரப் புல்லில் இழுத்துக்கொண்டு ஓடி, குளிரில் பாதியை இழந்துவிடும். நாட்டுக்கோழி அப்படிச் செய்யாது; அதோடு வளர்ந்தவை மாலையில் கூடு திரும்பவும் பழகும்.

வான்கோழிக் குஞ்சு தானாகத் தீனி எடுக்கத் தயங்கும். கோழிக்குஞ்சு கொத்துவதைப் பார்த்துக் கற்கும். பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை வீதம் பொடித்துக் கொடுங்கள். கோழிக்குஞ்சுத் தீவனத்தின் புரதம் இதற்குப் போதாது, 28 சதவீதம் வரை வேண்டும். சாலினோமைசின் (கோழிக்கு இரத்தக்கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்தில் சேர்க்கும் மருந்து) கலந்த தீவனம் வான்கோழிக்கு நஞ்சு. மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இன்னொரு ஆபத்து தாய்க்கோழியின் குடற்புழு. அதன் வழியே பரவும் கருந்தலை நோய் கோழியை அதிகம் பாதிக்காது, வான்கோழிக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். எச்சம் கந்தக மஞ்சளாக வந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கோழிக்குக் குடற்புழு மருந்தை அடை வைக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

வாத்தைக் கலக்காதீர்கள். கோழி பொரித்துத் தரும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வாத்துக்குஞ்சு தண்ணீரைக் கொட்டித் தரையைச் சேறாக்கும், அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வரும். ஆறு வாத்து முட்டையைத் தனியாக ஒரு கோழிக்கு வைத்து, கடைசி வாரம் வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளியுங்கள். மணிலா வாத்துக்கு 35 நாள் ஆகும். அதை அதன் தாயே அடைகாக்கட்டும்.

பொரித்த பிறகு முதல் வாரம் பஞ்சாரத்துக்குள்ளேயே வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் கின்னிக் குஞ்சு மூழ்கிவிடும். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு கண் சொட்டு மருந்து. வெளியிலிருந்து வாங்கிய குஞ்சைச் சேர்ப்பதானால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள், இரவில், இறக்கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். பகலில் விட்டால் கோழி கொத்தியே கொன்றுவிடும்.