மாரிக்கு முன்னம் ரயரைப் பாருங்கள்

திருகோணமலையில் 22 வருஷமாக ரயர் வேலை செய்கிறேன். மாரி தொடங்க முதல் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

நிலாவெளியிலிருந்து: அண்ணா, கார் ரயர் மொட்டையாகிட்டு வருது. ஆனால் பிரேக் நல்லாப் பிடிக்குது. மாத்தத்தான் வேணுமா?

காய்ந்த தாரில் பிடிக்கும் தம்பி. ரயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களைத்தான் தவாளிப்பு என்கிறோம்; அதை வைத்திருப்பதே தண்ணிக்காகத்தான். வட்டமாக ஓடும் பெரிய தவாளிப்பு தண்ணியைப் பின்னுக்குத் தள்ளும், குறுக்கு வெட்டுகள் பக்கத்தால் வெளியேற்றும், மெல்லிய கீறல்கள் மிஞ்சிய ஈரத்தை அறுக்கும். இவை தேய்ந்தால் ரயர் தண்ணிக்கு மேல் மிதக்கும். ஸ்டியரிங் சட்டென்று லேசாகும், அதுதான் அறிகுறி. தவாளிப்புக்குள் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் அதோடு சமமானால் ரயர் முடிந்தது. எங்கட மாரிக்கு நான் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றச் சொல்லுவேன்.

கந்தளாயிலிருந்து: காத்தைக் குறைத்தால் ரோட்டில் பிடி கூடுமாமே?

கடற்கரை மணலில் சரி. மழை ரோட்டில் நேர்மாறு. தண்ணியை நசுக்கி ஒதுக்குவது உள்ளே இருக்கும் அழுத்தம்தான். தவாளிப்பை மூடித் தண்ணி நின்றால், 30 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) காத்துள்ள ரயர் மணிக்கு 90 கிலோமீற்றரை அண்டி மிதக்கத் தொடங்கும்; 20 என்றால் 75 இலேயே. கந்தளாய் ரோட்டில் 75 ஒரு வேகமா, சொல்லுங்கள்?

கிண்ணியாவிலிருந்து: ரயர் பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். ஒட்டலாமா?

வேண்டாம். தயவுசெய்து இன்றைக்கே கழற்றுங்கள். போன கிழமை இப்படியொன்றை வெட்டிப் பார்த்தேன்: ஒரு விரல் அகலத்துக்கு நூல்கள் அறுந்து, நுனி பஞ்சாகக் கிடந்தன. ரேடியல் ரயரில் விளிம்புக் கம்பியிலிருந்து மறு விளிம்பு வரை நூல் நேர்குறுக்காக ஓடும். உருக்குப் பட்டி ரோட்டில் படும் பகுதிக்குக் கீழே மட்டும். பக்கச் சுவரைத் தாங்குவது அந்த நூல்தான். குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசிந்து அறுகிறது. பிறகு காத்தைத் தடுக்க வெறும் ரப்பர்தான். மேலே ஒட்டினால் உள்ளே அறுந்த நூல் சேராது.

மூதூர் ஓட்டோக்காரர்: 6 பிஆர் என்றால் 6 நூல் அடுக்கா?

இல்லை. பிஆர் என்பது ‘ப்ளை ரேட்டிங்’, அது பலத்தின் அளவு. அடுக்கு குறைவாகவும் இருக்கலாம்.

தம்பலகாமத்திலிருந்து: உழவு இயந்திர ரயரின் ‘வி’ எந்தப் பக்கம்?

முன்னுக்கு ஓடும்போது கூர்முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும் ஐயா. அப்போதுதான் சேறு இரு பக்கத்தாலும் கழன்று விழும். மாறிப் பூட்டினால் சேறு நடுவில் அடைந்து, சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். பக்கத்தில் அம்புக்குறி இருக்கும், பார்த்துப் பூட்டுங்கள்.