செகண்ட் ஹேண்ட் 2.1 ஸ்பீக்கரில் ‘உம்ம்’ சத்தம், இடது பக்கம் ஊமை: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2.1 செட் (இரண்டு சின்ன ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு பெரிய ஊஃபர்), ஆன் செய்ததுமே ‘உம்ம்’ என்று இரைகிறது. வால்யூமை அடியோடு குறைத்தாலும் இரைச்சல் குறைவதில்லை. இடது பக்கச் சின்ன ஸ்பீக்கர் பாடவே இல்லை. கடையில் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இப்படிப்பட்ட செட்டுகளைப் பல வருஷமாகப் பிரித்துச் சரிசெய்து வருகிறேன். முழு போர்டும் போய்விட்டது என்று சொல்லும் நிலையில் வந்தவை மிகக் குறைவு. உங்களுடையதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருப்பதாகத்தான் தெரிகிறது.

முதலில் இரைச்சல். வால்யூமைத் திருகும்போது அது கூடிக் குறைந்தால், உள்ளே வரும் வயர் பக்கம் பிரச்சினை. ஆக்ஸ் வயரை, அதாவது போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ பாட்டு வரும் வயரைப் பிடுங்கினால் நின்றுவிடும், இல்லையென்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் நிற்கும். உங்களுடையது வால்யூமுக்கு அசையவில்லை. அப்படியென்றால் வால்யூமைத் தாண்டிய இடத்தில், பெரும்பாலும் பவர் சப்ளையில் கோளாறு. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடைத் தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் துடிப்பாகிறது. அந்தத் துடிப்பை நிரவுவதற்காகவே இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை தளர்ந்தால் துடிப்பு அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும்.

அடுத்து ஊமையான இடது பக்கம். பெட்டியைத் திறக்காமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். இடது ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வலது சாக்கெட்டில் செருகுங்கள். பாடினால் ஸ்பீக்கர் நல்லது, கோளாறு உள்ளே. இதைத் தலைகீழாக மட்டும் செய்யாதீர்கள். நல்ல ஸ்பீக்கரை இடது சாக்கெட்டில் செருகவே கூடாது. அந்தப் பக்கத்து ஒலியைப் பெருக்கும் ஐசி (சிப்) ஷார்ட் ஆகியிருந்தால் 16 வோல்ட் டிசி நேராகக் காயிலுக்குப் போய் அதையும் கருக்கிவிடும். அப்புறம் போனில் ஆடியோ பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளி ஒரு பாட்டைப் போடுங்கள். ஊஃபர் அடித்தால் இடது சிக்னல் போர்டு வரை ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம்.

இனி திறக்கலாம். உள்ளே கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால்தான் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத, எடை குறைவான எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை போர்டு என்றால், அதன் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது தங்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில், அதாவது செட்டுக்குக் கரண்ட் போகும் வயரின் நடுவே போட்டுக்கொள்ளுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. ஒரு நொடி எரிந்து மங்கினால் பயமில்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். மங்கினால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கரண்ட் கொடுத்து அளங்கள். டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12 என்றால் நடுப்புள்ளியிலிருந்து பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் 16, 17 வோல்ட் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்து கெப்பாசிட்டரையோ டயோடையோ பாருங்கள். மீட்டரை ஏசியில் வைத்தும் கெப்பாசிட்டரின் மேல் அளங்கள், சும்மா இருக்கும்போதே ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது போய்விட்டது. மலிவான மீட்டர்கள் டிசியையும் ஏசி என்று காட்டும், அதனால் சிவப்பு முனையோடு ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து அளப்பது நல்லது.

தலை உப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து கெப்பாசிட்டரை நம்பிவிடக் கூடாது. என் அக்கா மகன் வாங்கி வந்த செட்டில் அதன் தலை தட்டையாகவே இருந்தது. “மாமா, இது புதுசு மாதிரிதானே இருக்கு?” என்றான். அடியில் ஆடாமல் இருக்க ஒட்டியிருந்த பசை காபி நிறத்துக்கு மாறிக் கெட்டியாகியிருந்தது. அதைச் சுரண்டியதும் ஒரு கால் பச்சை பூத்து, தொட்டவுடன் முறிந்தது. பழைய செட்டுகளில் இந்தப் பசை காலத்தால் கெட்டு உலோகத்தை அரிக்கும், சில சமயம் மின்சாரத்தையும் கடத்தும். பழுப்பாகிவிட்ட பசை எங்கே தெரிந்தாலும் முழுக்கச் சுரண்டி எடுங்கள். புதிய கெப்பாசிட்டரை அதே மைக்ரோஃபாரட்டில், 35 வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள். 25 வோல்ட்டே போதும், ஆனால் கரண்ட் ஏறி இறங்கும் ஊரில் கொஞ்சம் இடைவெளி விடுவது மேல். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ்.

இப்போது இடது ஐசி. இந்த வகை செட்டுகளில் பெரும்பாலும் ஐந்து கால் வைத்த டிடிஏ 2030 தான் இருக்கும். 5ஆம் காலில் பிளஸ், 3இல் மைனஸ், 4இல் ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 4ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசி பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பல வோல்ட் நின்றால் பெரும்பாலும் ஐசி போய்விட்டது. சந்தேகம் வரும் இடமெல்லாம் வலது ஐசியின் அதே காலை அளந்து ஒப்பிடுங்கள், நன்றாக ஓடுகிற ஒன்று பக்கத்திலேயே இருப்பது பெரிய வசதி. ஒரு எச்சரிக்கை: ஐசியின் முதுகுத் தகடு 3ஆம் காலோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இடையில் இல்லாமல் ஹீட் சிங்க்கில் முடுக்கியிருந்தால் ஹீட் சிங்க்கே மைனஸ் 16 வோல்ட்டில் நிற்கும். மீட்டர் முனை அதையும் கிரவுண்டையும் சேர்த்துத் தொட்டால் ஷார்ட்.

4ஆம் காலில் பூஜ்யம் இருந்தும் பாடவில்லையா? ஸ்பீக்கரை இணைத்து, மெல்லிய ஸ்குரூடிரைவரின் உலோகத்தில் விரல் பட்டபடி, சிக்னல் உள்ளே வரும் 1ஆம் காலை மட்டும் தொடுங்கள். ஸ்பீக்கர் உறுமினால் ஐசி நல்லது, கோளாறு அதற்கு முன்னால். அங்கே நான் முதலில் சந்தேகப்படுவது டிரை சோல்டரை, அதாவது பிடி விட்டுப்போன ஈய ஒட்டைத்தான். ஊஃபர் இருக்கும் அதே பெட்டிக்குள் போர்டும் இருப்பதால் வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஈயம் விட்டுப்போகும். சாக்கெட், வால்யூம் கண்ட்ரோல், ஐசி கால்கள் ஆகியவற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காலைச் சுற்றி முடி போல ஒரு வட்டக் கோடு தெரிந்தால் அதுதான். பாட்டை ஓடவிட்டுப் பென்சிலால் லேசாகத் தட்டினாலும் சத்தம் வந்து வந்து போகும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வையுங்கள். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து தடவை முழுக்கச் சுற்றுங்கள்.

ஐசி உண்மையிலேயே போயிருந்தால், எதனால் போனது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். இடது ஸ்பீக்கர் வயரில் இழைகள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா? ஸ்பீக்கரையும் ஓம்ஸில் அளங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று, மூன்றரை காட்டும். அரை ஓம் காட்டினால் காயில் ஷார்ட், புது ஐசியையும் அது காலி செய்யும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், ஆனால் போலி ஐசிகளும் ஏராளம். டிடிஏ 2030ஏ என்று கேளுங்கள், அது 22 வோல்ட் வரை தாங்கும். பழையதில் மைக்கா இருந்தால் புதியதற்கும் மைக்காவும் பேஸ்ட்டும் வைத்து முடுக்கி, ஸ்பீக்கர் இல்லாமல், சீரிஸ் பல்போடு ஆன் செய்து, 4ஆம் காலில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பீக்கரை இணையுங்கள்.

எப்போதாவது செட் அடியோடு செத்துப்போய், ஃபியூஸும் நன்றாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தை ஓம்ஸில் அளந்து பாருங்கள். ஓபன் காட்டினால், சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியில் இருக்கும் தெர்மல் ஃபியூஸ் அறுந்திருக்கலாம். அதை வயர் வைத்து ஷார்ட் செய்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை சூடேறினால் தடுக்க எதுவுமே இருக்காது, வீட்டில் தீப்பிடிக்கும். அதே டிகிரி ஃபியூஸைப் போடுங்கள், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றிவிடுங்கள்.