பழைய ஆலயமும் புதிய எழுப்புதலும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. எனக்குக் குழந்தை ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் அங்கேதான் நடந்தன. ஆனால் சென்ற ஆண்டு வியாசர்பாடியில் நண்பர் அழைத்துச் சென்ற ஒரு ஜெபக்கூட்டத்தில்தான் முதன்முறையாக என் பாவத்தை உணர்ந்து அழுதேன். அன்றோடு குடியை விட்டுவிட்டேன். அந்தச் சபையின் போதகர் வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தை வாசித்துக்காட்டி, மனுஷருடைய பாரம்பரியத்தை விட்டு வெளியே வந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்படி சொல்கிறார். இதைப் பற்றிப் பேசும்போது அம்மாவிடம் ஒருநாள் "அது செத்துப்போன சபை" என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதங்களாக அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பழைய மரபை விடாமல் ஆவிக்குரிய வாழ்வு சாத்தியமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு நேர்ந்ததை நான் முழுமையாக நம்புகிறேன். குடியை விட்ட ஒருவரின் கண்ணீரை வெறும் உணர்ச்சிவசம் என்று ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை. என்னை வருத்துவது, அந்தக் கண்ணீருக்குப் பிறகு நீங்கள் அம்மாவிடம் சொன்ன அந்த ஒரு சொல்.

மாற்கு ஏழாம் அதிகாரத்தைப் பலரும் எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் மூன்று வசனங்கள் தள்ளிப் படித்தால், இயேசு அங்கே எந்தப் பாரம்பரியத்தைக் கண்டிக்கிறார் என்பது தெரியும். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டு, அதன்பின் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றும் செய்யாமல் இருக்க மகனுக்கு இடங்கொடுத்த வழக்கம் அது. தேவனுடைய பெயராலேயே தாயைக் கைவிடச் செய்த மரபைத்தான் அவர் அவ்வளவு கடுமையாகச் சாடினார். அதே பகுதியைக் காட்டி ஒரு மகனைத் தாயிடமிருந்து பிரிப்பது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

நீங்கள் பழையது என்று சொல்லும் சபையும் அவ்வளவு பழையதன்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வந்தவர்கள் தங்களுக்கு இடையே இருந்த சுவர்களை விட்டுவிட்டு, 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றுசேர்ந்ததால் பிறந்த சபை அது. உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்கு முந்தைய சபைகளில் ஏதோ ஒன்றில்தான் இருந்திருப்பார். அவருக்குப் பின்வந்த யாரோ ஒருவர், பழகியதை விட்டுப் புதியதை ஏற்றுக்கொண்டதன் பயன்தான் உங்கள் அம்மாவின் சபை. எழுப்புதலும், அதாவது விசுவாசம் அனல்மூண்டு மக்கள் மனந்திரும்புவதும், நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1906இல் அசூசா தெருவில், பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவக் காரணமான எழுப்புதல் தொடங்குவதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தின் வழியாகத் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் அதைக் கண்டார்கள். 1738 மே 24 அன்று தம் உள்ளம் அனல்கொண்டதாக எழுதிய, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும், 1791இல் இறக்கும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார்.

அப்படியானால் விட வேண்டிய மரபே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அது நம் பகுதிக்கு மிக அருகிலேயே வெளிப்பட்ட ஒன்று. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், வேதத்தைக் கருத்தாய்ப் படித்தவர்கள், ஞானப்பாட்டுகளை மனப்பாடமாகப் பாடியவர்கள் அவர்கள். இருந்தும் வேறு சாதியாரோடு ஒன்றாய் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் திருவிருந்து வாங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. முன்னோர் வழக்கம் என்பதே அவர்கள் சொன்ன நியாயம். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியும் அந்த வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், ஆவியானவர் தருவதாக நம்பும் அந்நிய பாஷையில் கதறியவர், ஞாயிறு மாலை மகளுக்கு வரன் பார்க்கும்போது "நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன், பழைய சபைகளின் பாமாலை பாடும் வீடுகளிலும் அதே கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. கைதட்டிப் பாடுவதா, புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பதா என்ற வழக்கைவிட, அந்தக் கேள்வி உங்கள் புதிய சபையில் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றிருந்தால், அங்கே ஆவியானவர் கிரியை செய்கிறார் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

என் தகப்பனாரைக் காசிமேடு கல்லறையில் அடக்கம் செய்த நாளில் என்னால் ஒரு வார்த்தையும் ஜெபிக்க முடியவில்லை. ஆயர் ஜெபப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, அம்மாவின் உதடுகள் அவருக்கு ஒரு சொல் முந்தியே அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். எத்தனை அடக்க ஆராதனைகளில் நின்றிருந்தால் அந்த வரிகள் அப்படி அவர் வாயில் பழகியிருக்கும்! எனக்குச் சொல் இல்லாத நேரத்தில், எனக்கு முன் அழுதவர்களின் சொற்கள் என்னைத் தாங்கின. அன்றிரவு எங்கள் தெருவின் பெந்தெகொஸ்தே அக்கா ஒருவர் வந்து, விடியும்வரை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்து சத்தமாக ஜெபித்தார். அம்மாவுக்கு அந்த இரண்டும் வேண்டியிருந்தன. இவற்றில் எதைச் செத்தது என்று நான் சொல்வேன்?

முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்; அது உங்கள் மனச்சாட்சிக்கும் தேவனுக்கும் இடையே உள்ளது. ஆனால் குழந்தையாய் உங்களைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நின்ற தாயிடம், அது வெறும் தண்ணீர் தெளிப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மனச்சாட்சி போகச் சொன்னால் போங்கள், அதில் பாவமில்லை. ஆனால் அதற்கு முன்னால் அம்மாவிடம் அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேளுங்கள். வருகிற பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனைக்கு அவரோடு சென்று, அவர் வழக்கமாக அமரும் இடத்தில் பக்கத்தில் அமருங்கள். குடியை விட்டதை எப்போதாவது அவரிடம் வாய்திறந்து சொன்னீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சொல்லியிராவிட்டால் அன்று சொல்லுங்கள். முடிவெடுக்க அதற்குள் போதகர் அவசரப்படுத்தினால், மாற்கு ஏழின் பதினோராம் வசனத்தையும் பன்னிரண்டாம் வசனத்தையும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

அன்புடன்