வீடியோவுக்கு முன்னால் ஒரு கேள்வி

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் பிள்ளைகள் ஆவலாகப் பார்க்கிறார்கள். மறுநாள் கேள்வி கேட்டால் பாதிப்பேர் விழிக்கிறார்கள். ‘மாணவர் மையக் கற்பித்தல்’ என்று பயிற்சியில் சொன்னார்கள். 42 பிள்ளைகள், பத்துக் கணினி, 45 நிமிடப் பீரியட். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: டீச்சர், வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். பிள்ளையின் மனதில் ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறதே, அதை வீடியோ தொடாமலே போய்விடுகிறது. அதனால் மாணவர் மையம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: திரையில் விடை தெரிவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையும் தன் விடையைச் சொல்லிவிட்டதா?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990 வாக்கில் இதே இடத்தில்தான் நின்றார். கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போட்ட அவருடைய மாணவர்கள், விசையைப் பற்றிய அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினார்கள். ‘நீங்கள் நடத்தியபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?’ என்று ஒருவர் கேட்டாராம். அதற்குப் பிறகு அவர் உருவாக்கிய முறைக்குப் பெயர் பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது சக மாணவர் வழிக் கற்றல். உங்கள் வகுப்புக்கு இதைத்தான் சொல்வேன்.

மின்னோட்டப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், தொடர் இணைப்பில், அதாவது ஒரே வயர்ப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக. எது அதிகமாக எரியும்? பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதா, எதிர்முனைக்குப் பக்கத்தில் இருப்பதா, இரண்டும் சமமா? போர்டில் கேள்வியை மட்டும் போடுங்கள். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு அ, ஆ, இ என்று எழுதிய அட்டையை எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். பக்கத்து அட்டையைப் பார்த்துவிட்டுத் தூக்கினால் பயனில்லை. பிளிக்கர்ஸ் செயலி இருந்தால், அதற்கென்றே அச்சிட்ட அட்டைகளைக் கொடுத்து, அத்தனையையும் உங்கள் ஒரு போன் கேமராவிலேயே படித்துவிடலாம்.

சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதம் என்றால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள், மூன்று நிமிடம். பிறகு மறுபடி அட்டை. 30-க்குக் கீழே என்றால் பேச வைத்தும் பலனில்லை, நீங்களே இன்னொரு முறை விளக்க வேண்டும். 70-ஐத் தாண்டிவிட்டால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அந்த மூன்று நிமிடச் சத்தத்தைக் கண்டு பயப்படாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண், ‘முதல் பல்பு சாப்பிட்டது போக மிச்சம்தானே சார் ரெண்டாவதுக்குப் போகும்?’ என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசைப் பையன், ‘சைக்கிள் செயினை நினைச்சுப் பாரு. முன்னாடி ஒரு வேகம், பின்னாடி ஒரு வேகமாவா ஓடுது?’ என்றான். நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்தச் செயின் எனக்குத் தோன்றியிருக்காது.

கணினி இதற்குப் பிறகுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷன் (திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனை) இலவசமாகக் கிடைக்கிறது. முன்கூட்டியே டவுன்லோடு செய்து வைத்தால் நெட் இல்லாமலும் ஓடும். கணினிக்கு நாலைந்து பேர். மவுஸ் பிடிப்பவர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யக் கூடாது, மற்றவர்கள் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வேலை செய்யும், மற்றவை வேடிக்கை பார்க்கும். முதல் பல்புக்கு முன்னால், இரு பல்புகளுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்னால் என மூன்று இடத்திலும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்து அளவை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்கும், அதனால் ஒரே மாதிரியான இரண்டு பல்பும் சமமாகவே எரியும். முன்பே அட்டை தூக்கிய பிள்ளைக்கு அந்த எண் வெறும் எண்ணாக இருக்காது.

வீட்டில் வீடியோ, வகுப்பில் பயிற்சி என்ற தலைகீழ் வகுப்பறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

போர்ஷன் முடியுமா என்ற கவலை நியாயமானது. எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். போன வருட விடைத்தாள்களில் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்த இடம் எதுவோ, கேள்வி அங்கிருந்து வரட்டும்.

அப்புறம், திரையோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு டார்ச் பல்பு, பேட்டரி, வயர் கொண்டு வந்து மேஜையில் இணைத்துக் காட்டுங்கள். கடையில் வாங்கும் பல்புகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியக்கூடும். ‘பாத்தீங்களா, நான் சொன்னேன்ல’ என்று யாராவது எழுந்தால், இரண்டு பல்புகளையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். மங்கல் அந்த இடத்திலேயே நிற்கிறதா, பல்போடு சேர்ந்து நகர்கிறதா என்று இணைப்புக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு முறை அட்டை தூக்கட்டும்.